பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு வெள்ளோட்டம்

அந்த அக்கா எதையும் ஒரே தடவையில் செய்து நான் பார்த்ததில்லை. ஊர் பார்க்கச் செய்ய வேண்டிய காரியத்தை, யாரும் பார்க்காத நேரத்தில் முன்கூட்டியே ஒருமுறை செய்து பார்த்திருப்பார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் வெள்ளோட்டம். கோயிலில் புதுத் தேருக்கு வெள்ளோட்டம் விடுவார்கள். அக்கா புதுச் செருப்புக்கும் விடுவார். வாங்கிய செருப்பு ஒரு வாரம் சமையலறைக்கும் கொல்லைக்கும் நடக்கும். கடிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் வாசல்படி இறங்கும்.

புதியம்புத்தூரில் பிறந்தவர். அந்த ஊரில் குழந்தைகளைத் தூங்கவைக்கத் தாலாட்டு வேண்டாம், தையல் மிஷின் சத்தமே போதும் என்பார். கோவில்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்து, எங்கள் தெருக்கோடியில் ஒரு நீளமான ஷெட் போட்டு, பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக் கொடுத்தார். நான் சாயங்காலங்களில் போய் அங்கே கணக்கு எழுதினேன். மாதா மாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுவதும் என் வேலை. என் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "ஏட்டி கணக்கு" என்றால் நான். இப்போது அவர் மகள் வீட்டோடு போய்விட்டார். தெருவில் அப்படிக் கூப்பிட ஆள் இல்லை.

இந்தப் பழக்கம் தொழிலில் இருந்து ஒட்டிக்கொண்டதாக இருக்க வேண்டும். புது அளவில் சட்டை வெட்டுவதென்றால் முதலில் காடாத் துணியில் ஒன்று தைப்பார். சலவை காணாத, பழுப்பு நிறத்து மலிவுத் துணி அது. தைத்ததைத் துவைத்து, வெயிலில் காயப்போட்டு, எவ்வளவு சுருங்கியது என்று அளந்து பார்ப்பார். அதன் பிறகே நல்ல துணி மேசைக்கு வரும். "கத்திரி வச்ச துணி மறுபடி ஒட்டாது, பாத்துக்க" என்பார்.

துணியோடு நின்றிருந்தால் அதில் எழுத ஒன்றுமில்லை. ஷெட்டுக்கு அஸ்திவாரம் போட்ட வருஷம் கொத்தனார் சுவர் எழுப்ப ஆளோடு வந்து நின்றார். இந்தக் கரிசல் மண் மழைக்கு உப்பும், கோடைக்கு வாய் பிளக்கும். மேலே கட்டிய சுவர் என்றைக்காவது வெடிக்கும். அக்கா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு மழைக்காலம் போகட்டும், மண்ணு என்ன செய்யுதுன்னு பார்ப்போம் என்றார். கொத்தனார் டீக்கடையில் உட்கார்ந்து சொல்லிச் சிரித்தார்: "அந்த மதினி சுவரு வைக்க என்னையக் கூப்பிடல, மழையக் கூப்பிட்டிருக்காவ." அடுத்த வருஷம்தான் சுவர் எழும்பியது. அதிலும் ஒரு வெடிப்பு விட்டது. நான் அதைச் சுட்டிக்காட்டியபோது அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுதான விட்டுருக்கு" என்றார்.

மகளுக்குப் புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மாப்பிள்ளை பேசினார்கள். மானாவாரி நிலமும் ஆடுகளும் உள்ள குடும்பம். மாப்பிள்ளையை எல்லோருக்கும் பிடித்திருந்தது. நிச்சயத்துக்கு முன்னால் அக்கா யாரிடமும் சொல்லாமல் அந்த ஊருக்குப் போய்வந்தார். ஒரு நாள் காலைப் பஸ்ஸில், ஒரு நாள் மத்தியானப் பஸ்ஸில், ஒரு நாள் கடைசிப் பஸ்ஸைப் பிடித்துத் திரும்புகிற மாதிரி. ஊருக்குள் நுழையவே இல்லை. இறங்கிய இடத்தில் நின்றுவிட்டு வந்திருக்கிறார்.

"எதுக்குக்கா இந்த அலைச்சல்?" என்று கேட்டேன்.

"நாளைக்கு ஏதோ சண்ட, கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்கு வாரான்னு வையி. எப்பப் பஸ்ஸு இருக்கு, எங்கன நிக்கணும், மழ வந்தா ஒதுங்க எடம் இருக்கான்னு தெரிய வேணாமாட்டி?"

"நல்ல காரியம் பேசும்போது கோவிச்சுக்கிட்டு வாரதப் பத்தி நெனைக்கீங்களே."

"நல்லா இருந்தா மாப்பிள்ளையோட கார்ல வருவா. அதுக்கு எதுக்கு நான் போய்ப் பாக்கணும்?"

கல்யாணத்தன்று மகள் புறப்படும்போது அக்கா அவள் காதில் ஏதோ சொன்னார். தாய் மகளுக்குச் சொல்லும் புத்தி என்று நினைத்துச் சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பதைத்தான் சொன்னார் என்று மகள் பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அந்தப் பஸ்ஸில் அவள் வரவேண்டி வந்ததில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். ஒரு தடவை மட்டும், "எல்லாத்துக்கும் வெள்ளோட்டம் விடுதா, என்னையக் கட்டுததுக்கு முன்னால மட்டும் விடல" என்றார். அக்கா தையலில் இருந்து தலையைத் தூக்காமல், "விட்டிருந்தா ஒங்க வாசலோட திரும்பியிருப்பேன்" என்றார். அவர் அதற்குச் சந்தோஷமாகச் சிரித்தார்.

எனக்குப் பிடிக்காத வெள்ளோட்டம் ஒன்றும் இருந்தது. புதிதாக வேலைக்குச் சேரும் பெண்ணுக்கு முதல் வாரத்தில் வெட்டிய துணிக்கட்டு கொடுக்கும்போது சொன்னதைவிடக் கூடுதலாக ஒரு துண்டை உள்ளே வைத்துவிடுவார். திருப்பிக் கொடுக்கிறாளா என்று பார்ப்பார். எப்போதும்வென்றான் கிராமத்தில் இருந்து வந்த முத்துமாரி அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். பல மாதம் கழித்து அது சோதனை என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். அவள் நேராக அக்கா முன்னால் வந்து நின்றாள்.

"துணியப் பாருங்க, மிஷினப் பாருங்க. மனுசியையும் துவைச்சா பாப்பீங்க?"

சொல்லிவிட்டுப் போனவள் அந்த வாரம் முழுக்க வரவில்லை. அக்காதான் எப்போதும்வென்றானுக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்பதை இருவரும் சொல்லவில்லை. அதன் பிறகு எந்தக் கட்டிலும் கூடுதல் துண்டு வைத்ததை நான் பார்க்கவில்லை. முத்துமாரியை எம்பிராய்டரி மிஷினுக்கு மாற்றினார்.

அந்த மிஷினுக்குப் பக்கத்தில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. பள்ளிக்கூடச் சின்னத்தை முத்துமாரி அதில் வரைவாள். எந்த இடத்தில் எந்த நூல், ஊசி எங்கிருந்து எங்கே ஓட வேண்டும் என்று குறிப்பாள். பென்டிரைவில் எடுத்து மிஷினில் செருகுவாள். அதைச் செய்யும் சாஃப்ட்வேர் மிகப் பழையது. விற்ற கடை மூடியாகிவிட்டது. சி.டி. கீறிப் போய்விட்டது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் விரல் நுனி அளவில் ஒரு சாவி செருகியிருக்கும். அது இருந்தால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். கம்ப்யூட்டரில் ஓடியது விண்டோஸ் செவன். அதை அழித்தால் சாஃப்ட்வேரும் சேர்ந்து போகும், மறுபடி ஏற்ற வழியில்லை.

மாற்றாமலும் முடியவில்லை. ரிட்டர்ன் போடும் தளம் அதில் திறக்க மறுத்தது. பள்ளிக்கூடங்கள் மெயிலில் அனுப்பும் சின்னங்களும் திறக்கவில்லை. "மாத்தித்தான்க்கா ஆகணும்" என்று முதலில் சொன்னது நான்தான்.

அந்தக் கோடையில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் தன் சின்னத்தை மாற்றியிருந்தது. விளையாட்டு டீ-சர்ட்டுகளை அவர்களே வாங்கிக் கட்டுக்கட்டாக இறக்கி, நெஞ்சில் புதுச் சின்னம் போட்டுத் தரச் சொன்னார்கள். இது ஒழுங்காக நடந்தால் அவர்களுடைய முழுச் சீருடையும் இங்கே வரும். ஷெட்டில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் வருஷம் பூராவும் வேலை இருக்கும். நடக்காவிட்டால் பள்ளி திறந்ததும் பாதிப் பேரை நிறுத்த வேண்டியதுதான். இதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த சங்கர் வந்தான்.

"ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் டென் போட்டுருவோம்க்கா. சி-டிரைவ் மட்டுந்தான் அழியும். டி-ல உள்ளது பத்திரமா இருக்கும்."

எங்கள் ஊரில் எத்தனையோ வீட்டுக் கல்யாணப் படங்கள் இந்த வார்த்தையில்தான் போயின. நாங்கள் எல்லாவற்றையும் கண்ணெதிரே டெஸ்க்டாப்பில் வைத்துக்கொள்கிறவர்கள். டெஸ்க்டாப் சி-டிரைவுக்குள் இருக்கிறது என்பது அழிந்த பிறகு தெரியவரும்.

"அழியாம ஒரு வழி சொல்லுலே" என்றார் அக்கா.

"செவனுக்கு மேலயே டென்ன ஏத்தலாம். சாஃப்ட்வேரு அப்படியே இருக்கும். ஆனா அந்தச் சாவிய டென்னு ஏத்துக்கிடுமா, மாட்டேன்னு சொல்லுமான்னு நான் உறுதி சொல்ல மாட்டேன். ஏத்துக்கிடலன்னா திரும்பிப் போறது சந்தேகம்."

"வேற?"

"இத நெட்டு இல்லாம இப்படியே விட்டுட்டு, நெட்டுக்குத் தனியா வேற கம்ப்யூட்டர் வாங்கலாம். ஆனா இதோட டிஸ்க்குக்கு வயசாயிப்போச்சுக்கா. எத்தன நாளைக்கு ஓடும்?"

என் அன்றைய டைரியில் மூன்று வழிகளையும் எழுதி, மூன்றுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அக்கா கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த டிஸ்க்கு மாதிரியே அச்சா இன்னொண்ணு செய்ய முடியுமா?"

"நகல் எடுக்கலாம். புது டிஸ்க்கு வேணும்."

"அப்ப அதுதான் நமக்குக் காடா. அதுல ஏத்து. நல்லா வந்தா பெறகு இதுல ஏத்துவோம்."

சங்கர் என்னைப் பார்த்தான். நான் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தேன்.

நகல் எடுத்தான். பழைய டிஸ்க் பீரோவுக்குள் போனது. நகல் டிஸ்க்கைப் பொருத்தி அதன் மேல் விண்டோஸ் டென் ஏற்றினான். மறுநாள் சாஃப்ட்வேர் திறந்தது; சாவியை ஏற்றுக்கொண்டது. முத்துமாரி புதுச் சின்னத்தைக் காடாத் துணியில் போட்டுக் காட்டினாள். விரித்த புத்தகம், அதன் மேல் ஒரு விளக்கு. பெண்கள் எல்லோரும் தையலை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள்.

"இனிப் பழைய டிஸ்க்குலயும் ஏத்திருவோமாக்கா?" என்றான் சங்கர்.

"இன்னும் துவைக்கல்லையேலே."

"கம்ப்யூட்டரயா?"

"நெட்டுல கொஞ்ச நாள் கெடக்கட்டும். சாயம் போகுதா பாப்போம்."

சாயம் போகத்தான் செய்தது. இரண்டு நாள் கழித்துக் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் சாவி இல்லை என்று சொன்னது. ராத்திரியோடு ராத்திரியாக அது நெட்டில் இருந்து எதையோ தானே இறக்கித் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. அக்காவுக்கு வருத்தம் என்று சொல்லமுடியாது. "பாத்தியா, பாத்தியா" என்று ஷெட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். சங்கர் அரைநாள் உட்கார்ந்து அதைச் சரிசெய்து, தானாகப் புதுப்பிக்காதபடி நிறுத்திவைத்து, இந்தச் சாஃப்ட்வேர் ஓடும்போது நெட் வயரைப் பிடுங்கிவிட வேண்டும் என்று சொன்னான். மறுபடி ஓடியது. மறுபடி காடாவில் விளக்கு எரிந்தது.

அதற்குப் பிறகு அக்கா ஷெட்டின் மெயின் சுவிட்சை அணைத்தார்.

"யக்கா! யு.பி.எஸ். பேட்டரி செத்துக் கெடக்கு, இப்படிப் பொட்டுன்னு அணைக்கக் கூடாது" என்று சங்கர் கத்தினான்.

"இந்த ஊர்ல கரண்டு ஒன்கிட்ட சொல்லிட்டா போகும்?"

சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் மெதுவாக, முனகிக்கொண்டு எழுந்தது. அதுவும் தேறியது.

இவ்வளவும் நடக்கும்போது டீ-சர்ட்டுக் கட்டுகள் சுவரோரம் அப்படியே இருந்தன. பள்ளிக்கூடத்தில் இருந்து போன் வந்தது. நாளை மறுநாள் காலையில் வண்டி வரும், முதல் தவணை தயாராக இல்லையென்றால் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வேறு இடத்தில் கொடுத்துவிடுவோம் என்றார்கள். போனை வைத்த அக்கா, இன்னொரு நாள் நெட்டில் போட்டுப் பார்க்கலாமா என்று சங்கரிடம் கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"வெள்ளோட்டமே விட்டுக்கிட்டு இருந்தா தேரு என்னைக்குக்கா ஓடும்?"

ஷெட்டில் மிஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. அக்கா என்னிடம் கோபப்படவில்லை. "நாளைக்கு" என்றார்.

மறுநாள் பீரோவில் இருந்து பழைய டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தார். சங்கர் நகலைக் கழற்றி வைத்துவிட்டு அதைப் பொருத்தினான். பழைய திரை வந்தது. விண்டோஸ் டென் இருந்த பென்டிரைவைச் செருகப் போனான்.

"நில்லுலே. கரண்டு போயி வந்தப்ப நகலு எந்திரிக்க அவ்வளவு நேரமாச்சு. பழசு எப்பிடி எந்திரிக்கின்னு பாக்க வேணாமா? ரெண்டுக்கும் ஒரே சோதனைதான ஞாயம்?"

"வேணாம்க்கா" என்று அவன் திரும்புவதற்குள் அக்கா மெயினை அணைத்து, மறுபடி போட்டும்விட்டார்.

திரை கறுப்பாகவே நின்றது. பெட்டிக்குள் இருந்து டொக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொரு டொக். சங்கர் குனிந்து காதை வைத்துக் கேட்டான். அணைத்துப் போட்டான். மறுபடி டொக்.

"போச்சுக்கா."

"எது?"

"பழைய டிஸ்க்கு. இனி எந்திரிக்காது."

அக்கா சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றார். கையை அதில் இருந்து எடுக்கவில்லை. சங்கர்தான் பேசினான். "நகலு இருக்குக்கா, பயப்படாதீங்க. ஆனா இப்ப அது ஒண்ணுதான். அதுக்கு ஒரு நகலு எடுத்துட்டு ஓட்டுனா நல்லது. டிஸ்க்குக்கு மதுரையில சொல்லி வரணும். ரெண்டு நாளாவது ஆகும்."

வண்டி வருவது நாளைக் காலையில்.

"நான் அணைக்காம இருந்திருக்கணும்" என்றார் அக்கா. அதற்குப் பதில் சொல்லும் உரிமை ஷெட்டில் முத்துமாரிக்கு மட்டும் இருந்தது என்று நினைக்கிறேன்.

"அணைச்சதுக்கு ஏசணும்னா நகலு எடுக்கச் சொன்னதுக்கு கும்பிடணும்க்கா. எடுக்காம இருந்தா இப்ப ஒண்ணுமே கெடையாது. சங்கரண்ணே, அத மாட்டுங்க."

சங்கர் நகல் டிஸ்க்கைப் பொருத்தினான். முத்துமாரி நெட் வயர் இல்லை என்பதைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டாள். சாஃப்ட்வேர் சாவியைக் கேட்டது, ஏற்றுக்கொண்டது. சின்னத்தின் அளவைப் பள்ளிக்கூடத்தார் போனில் கேட்டபடி கொஞ்சம் குறைத்து, பென்டிரைவில் எடுத்தாள். அக்கா ஒரு காடாத் துண்டை வெட்டி மிஷினின் சட்டத்தில் பொருத்தக் கொண்டுவந்தார். முத்துமாரி அதை வாங்கவில்லை.

"இதுல ஒண்ணு போட்டா ஒரு சட்ட நேரம் போயிரும்க்கா. விடிய வண்டி வந்துரும். நேராச் சட்டையிலயே போடுதேன்."

"அளவு மாத்தியிருக்கியேட்டி. ஒரு எடத்துல நூலு இழுத்துச்சுன்னா அவுக துணி. அதுக்குப் பதிலு துணி நம்மகிட்டக் கெடையாது."

"தெரியும்."

"நீ சொல்லுதியா?"

"நான் சொல்லுதேன்."

அக்கா வெளியே போய்விட்டார். நானும் பின்னால் போனேன். ஷெட் வாசலில் சித்திரை வெயில் நட்டுக்குத்தலாக அடித்துக்கொண்டிருந்தது. நிழலுக்குப் போகவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. உள்ளே மிஷின் ஓட ஆரம்பித்தது. சீரான சத்தம். பிறகு நின்றுவிட்டது. அக்கா என் முழங்கையைப் பிடித்தார்.

"நின்னுட்டுட்டி."

"நீல நூலு முடிஞ்சு அவ மஞ்சளு மாத்துதா. ஒத்த ஊசி மிஷினு, நெறத்துக்கு நெறம் நிக்கத்தானக்கா செய்யும்."

என்னைவிட அவருக்கு அது நன்றாகத் தெரியும். மறுபடி சத்தம் கேட்டது. பிடியை அவர் விடவில்லை. இன்னொரு தடவை நின்றது, ஓடியது. கடைசியாக நின்றபோது உள்ளே பேச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"நீ போய்ப் பாரு" என்றார்.

"நீங்க வாங்கக்கா. எனக்குத் தையலப் பத்தி என்ன தெரியும்?"

"கண்ணு இருக்குல்லா? போயிப் பாருட்டி."

போனேன். முத்துமாரி சட்டையைச் சட்டத்தில் இருந்து கழற்றி இரண்டு கையிலும் விரித்துப் பிடித்திருந்தாள். புத்தகத்தைப் பார்த்தேன். விளக்கைப் பார்த்தேன். சட்டையைத் திருப்பி உள்பக்கத்தையும் பார்த்தேன். முத்துமாரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே வந்தேன். முதலில் சொல்லவேண்டியது அக்காவிடம் என்று பட்டது. அவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.

"நல்லாருக்குக்கா."

"சுடரு?"

"நுனி கூராத்தான் இருக்கு."

"துணி சுருங்கியிருக்கா?"

"இல்ல."

"உள்பக்கம்?"

"பாத்துட்டேன். முடிச்சு ஒண்ணும் இல்ல."

அவர் எழுந்து உள்ளே போவதற்கு வழிவிட்டு நான் ஒதுங்கி நின்றேன். அக்கா எழுந்திருக்கவில்லை.

"அப்ப அடுத்த சட்டையப் போடச் சொல்லு" என்றார்.